பெறுநர் ஒப்பம்

விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வி இது: "தொடர்பாடல் கற்கைகள் துறையைத் தெரிவுசெய்வதற்கான காரணத்தை இருநூறு சொற்களுக்குக் குறையாமல் தருக."

யதுர்ஷன் எழுதியிருந்தான்: "என் மனைவிக்கு ஒரு செய்தி நேரத்துக்கு வரவில்லை."

துறை அலுவலக எழுதுவினைஞர் மங்கையற்கரசி கண்ணாடி யன்னலின் ஓட்டைக்குள்ளால் படிவத்தை வாங்கினார். பேனை முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"தம்பி, ஆறுதான் இருக்கு."

"ஓம் மிஸ்."

"இன்னும் நூத்தித் தொண்ணூத்தி நாலு வேணும்."

"அவ்வளவுதான் மிஸ் காரணம்."

"காரணம் ஆருக்கு வேணும்? சொல்லுத்தான் வேணும். ஒரு பிள்ளை நானூறு எழுதிக் குடுத்திருக்கு. என்ன சொல்லுதெண்டு விளங்கல்ல. ஆனா நானூறு இருக்கு." அவர் படிவத்தின் தலைப்பக்கத்தைத் தட்டினார். "அதோட இத நேரா என்னட்டத் தரக்கூடாது. ஊடாக வரோணும்."

படிவம் துறைத் தலைவருக்கு முகவரியிடப்பட்டிருந்தது. அதன் கீழே "ஊடாக" என்று போட்டு ஐந்து கோடுகள். கல்வி ஆலோசகர், மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி, சிரேஷ்ட உதவிப் பதிவாளர். இந்த நாட்டில் ஒரு கடிதம் போக வேண்டிய இடத்துக்கு நேரே போனால் அது மரியாதைக் குறைவு. ஒவ்வொரு மேசையிலும் இறங்கி, ஒவ்வொரு முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வாவிக்கரைப் பல்கலைக்கழகத்தின் தொடர்பாடல் துறை இதை இரண்டாம் வருடத்தில் ஒரு பாடமாகவே படிப்பிக்கிறது. பாடத்தின் பெயர் உரிய வழி. மூன்று கிரெடிட்.

துறைத் தலைவர் பேராசிரியர் அழகரத்தினம் மங்கையற்கரசியின் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு அப்பால், பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி பிற்பகல் மூன்றரைக்கு விண்ணப்பம் முடிகிறது.

யதுர்ஷன் பதினோராவது கேள்வியைக் காட்டினான். "அறிவிக்கப்பட வேண்டியவர்" என்ற இடத்தில் கணினி தானாகவே பழைய பதிவிலிருந்து எடுத்து அச்சடித்திருந்தது: கம்சாயினி யதுர்ஷன், மனைவி.

"மிஸ், இத மாத்தோணும்."

"ஏன்?"

"அவ இல்ல."

"எங்க போயிற்றா?"

யதுர்ஷன் ஏழாவது கேள்வியைத் தொட்டுக் காட்டினான். மங்கையற்கரசி ஆறு சொற்களை மறுபடியும் பார்த்தார். இந்த முறை எண்ணவில்லை.

"அதுக்கு வேற படிவம் தம்பி," என்றார் குரலைத் தாழ்த்தி. "மரண அத்தாட்சிப் பத்திரத்தோட, அதுவும் ஊடாகத்தான் வரோணும். இப்ப அதத் தொடாத. தொட்டா விண்ணப்பம் நிண்டு போயிரும்."

அவன் தொடவில்லை.

*

விளாவடிமடு படுவான்கரையில் இருக்கிறது. பாலத்தால் வாவியைக் கடந்து, வவுணதீவையும் தாண்டி, வயல்களுக்கு நடுவே போக வேண்டும். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பெற்றோர் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவான். யதுர்ஷனும் அப்படித்தான் வந்தான். வீடு, கிணறு, முன்வளவில் நிற்கும் தோடை மரம், எல்லாம் கம்சாயினி பேரில். அரசாங்கப் பதிவிலும் வீட்டு உரிமையாளர் அவள்தான்.

போன கார்த்திகையில் மழை விடவில்லை. மேலே உள்ள குளத்தின் வான்கதவுகளை ஞாயிறு விடியத் திறப்பதென்று வெள்ளிக்கிழமை முடிவாயிற்று. உடனே எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்டது. நல்ல கடிதம். யதுர்ஷன் பின்னர் அதைப் பலமுறை வாசித்திருக்கிறான். ஒரு பிழைகூட இல்லை. அது குளத்து அலுவலகத்திலிருந்து மாவட்டத்துக்கு ஊடாக, பிரதேசத்துக்கு ஊடாக, கிராம உத்தியோகத்தருக்கு ஊடாகப் புறப்பட்டது. இடையில் சனியும் ஞாயிறும் வந்தன. கடிதம் விடுமுறையை மதித்தது.

தண்ணீர் மதிக்கவில்லை. ஞாயிறு விடிய கம்சாயினி வட்டைக்குள், அதாவது ஊர் வயல்வெளிக்குள், கட்டியிருந்த கன்றை அவிழ்த்து வரப் போனாள். கன்று வீடு வந்து சேர்ந்தது.

எட்டாம் நாள் படையல் வைத்துக்கொண்டிருந்தபோது கிராம உத்தியோகத்தர் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "வீட்டு உரிமையாளர், திருமதி கம்சாயினி யதுர்ஷன்" என்று முகவரி. அடியில் ஒரு கோடு. பெறுநர் ஒப்பம்.

"குறை நினையாதீங்க தம்பி. எல்லா வீட்டயும் எடுத்தாச்சு. இந்த வீடு மட்டுந்தான் மிச்சம். மேல ரிப்போட் நிக்குது."

"போனில சொல்லியிருக்கலாமே," என்றான் யதுர்ஷன். கோபத்தில் கேட்கவில்லை. அன்று அவனிடம் கோபமும் இருக்கவில்லை.

"போனில சொன்னா ஒப்பம் எப்பிடி எடுக்கிற?" என்றார் அவர், மிக நியாயமாக.

கம்சாயினியின் தாய், மாமி சீதேவிப்பிள்ளைதான் ஒரு நீலப் பேனை கொண்டுவந்து கொடுத்தா. அவன் ஒப்பமிட்டான். அன்று எதை நீட்டியிருந்தாலும் ஒப்பமிட்டிருப்பான். இரண்டு மாதம் கழித்துப் பிரதேச அலுவலக அறிவித்தல் பலகையில் பார்த்தான்: "விளாவடிமடு, ஐம்பத்துநான்கு வீடுகள். எச்சரிக்கை நூறு வீதம் சேர்ப்பிக்கப்பட்டது."

நூறில் அவளும் இருந்தாள். அவளைச் சேர்த்தது அவன் கை.

அந்த ஒப்பத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று யாருக்காவது தெரிந்திருக்குமானால் அது தொடர்பாடல் துறைக்குத்தான் தெரிந்திருக்கும் என்று யதுர்ஷன் நம்பினான். அப்போது அவன் அந்தத் துறையைப் பார்த்திருக்கவில்லை.

*

புதன்கிழமை துறைத் தெரிவு வழிகாட்டல் நாள். மண்டபம் வாவியைப் பார்த்தபடி இருந்தது. குத்துவிளக்குக்கு ஐந்து திரி. ஏற்ற வந்தவர்கள் பதினொரு பேர். ஆறாமவர் தொடக்கம் எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள். எட்டாமவர் ஏற்றும்போது வாவிக் காற்று ஐந்தையும் அணைத்தது. பதவி ஒழுங்கு குழம்பக் கூடாதென்பதால் முதலாமவரிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள்.

பிறகு பேராசிரியர் அழகரத்தினம் பேச எழுந்தார். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அவர் அதைக் கையில் பிடித்தபடியே பேசினார்.

"சேர், பின்னுக்குக் கேக்குதில்ல!" என்று ஒருவன் கத்தினான். யதுர்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த றுமைஸ்தான். ஏறாவூர்ப் பெடியன், முதல் வருடம் தொட்டு யதுர்ஷனின் கூட்டாளி.

பேராசிரியர் புன்னகைத்தார். "கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே இங்கே தொடர்பாடல் நடந்துகொண்டிருக்கிறது."

முன்வரிசை கைதட்டியது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் பின்வரிசைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சந்தான். அதில் முக்கியமானது இது:

"இவ்வருடம் முதல் நமது துறை ஒரு புரட்சி செய்கிறது. தெரிவானவர்களுக்கு நாம் அறிவிக்கப் போவதில்லை. அவர்களுடைய குடும்பத்துக்கு அறிவிப்போம். குடும்பம் அவர்களுக்கு அறிவிக்கும். குடும்பத்தின் ஒப்பம் நமக்குத் திரும்பி வரும். இதற்கு இருபடிப் பாய்ச்சல் என்று பெயர். நேரே சொல்வது யாராலும் முடியும், அன்பு மாணவர்களே. நேரே சொல்வதற்கு ஒரு துறை தேவையில்லை!"

மறுபடி கைதட்டல்.

"என்ட வாப்பா கட்டாரில," என்றான் றுமைஸ். "நான் பாஸான விசயம் தோஹா போய்த்தான் ஏறாவூருக்கு வரும். ஒனக்கு ஆருடா?"

யதுர்ஷன் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் றுமைஸுக்கு நினைவு வந்தது. அவன் முழங்கையால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். அவனால் அவ்வளவுதான் முடிந்தது.

*

இருநூறு சொல்லை றுமைஸ் பார்த்துக்கொண்டான். கன்டீனில் பத்து நிமிடம். "உலகமே ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்ட இன்றைய யுகத்தில்" என்று தொடங்கி நூற்றுத் தொண்ணூற்று நாலு சொல்லுக்கு இழுத்தான். யதுர்ஷன் கடைசியில் தன் ஆறையும் சேர்த்தான். உலகம் சுருங்கியதில் எந்தக் கிராமங்கள் விடுபட்டன என்று கட்டுரையில் இல்லை.

வியாழன் காலையில் ஊடாகப் பயணம் தொடங்கியது. முதற்கோடு கல்வி ஆலோசகர். யதுர்ஷனின் கல்வி ஆலோசகர் பேராசிரியர் அழகரத்தினம். அவர் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டார்.

"இனித் துறைத் தலைவருக்குப் போக வேண்டும்," என்றார்.

"துறைத் தலைவரும் நீங்கதானே சேர்?"

"ஆலோசகராக நான் இதைப் பரிந்துரைத்துவிட்டேன். தலைவராக நான் இதை இன்னும் காணவில்லை. இரண்டையும் குழப்பக் கூடாது." அவர் கண்களை மூடிக்கொண்டார். யதுர்ஷன் படிவத்தோடு வெளியே போகும்வரை திறக்கவில்லை.

மாணவர் ஆலோசகர் ஒப்பமிடுமுன் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார். கேட்க வேண்டும் என்பது விதி. பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

விடுதிப் பொறுப்பாளர் சங்கடப்பட்டார். யதுர்ஷன் ஆறு மாதமாக விடுதியில் இல்லை. மாமியைத் தனியே விடாமல் தினமும் ஊரிலிருந்து வந்து போகிறான்.

"நீர் விடுதியில இல்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்பிடித் தம்பி ஒப்பம் வைக்கிற?"

"வைக்கலாம் சேர். நான் வைச்சிருக்கன்."

பொறுப்பாளர் அவன் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, சட்டென்று ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

பீடாதிபதி கொழும்பில். தடையற்ற தொடர்பாடல் பற்றிய பயிற்சிப் பட்டறை. திங்கட்கிழமை வரை அவரோடு தொடர்புகொள்ள முடியாது. அவருடைய காரியாலயப் பணியாளர் அலுமாரியைத் திறந்து பீடாதிபதியின் இறப்பர் முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினார். "சேர் இருந்தாலும் நான்தான் குத்துற," என்றார். உதவிப் பதிவாளருக்கு வெள்ளிக்கிழமை முழுவதும் போனது. மூன்று இருபத்தைந்துக்கு யதுர்ஷன் கண்ணாடி யன்னலடியில் நின்றான். மங்கையற்கரசி ஐந்து ஒப்பத்தையும் பார்த்து, இருநூறு சொல்லையும் எண்ணினார். எண்ணி முடிய மூன்று இருபத்தொன்பது.

நாலு எட்டுக்கு அப்பால் பேராசிரியர் கண்களைத் திறந்தார்.

"ஓ, யதுர்ஷன்! விண்ணப்பித்திருக்கிறீர்களா? எனக்குத் தெரியாதே!"

*

நேர்முகத்தில் இரண்டு பேர். ஒருவர் பேராசிரியர் அழகரத்தினம். பக்கத்தில் கலாநிதி விஜிதரன். வெளிநாட்டில் படித்துத் திரும்பி மூன்று மாதம். அவர் படிவத்தின் கடைசி ஆறு சொல்லில் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி?"

யதுர்ஷன் சொன்னான். குளம், வெள்ளி, ஞாயிறு, கன்று, எட்டாம் நாள். ஒரு நிமிடம் போயிருக்காது.

பேராசிரியர் எழுந்து வெண்பலகைக்குப் போனார். இடப்பக்கத்தில் ஒரு பெட்டி கீறி, அனுப்புநர் என்று எழுதினார். வலப்பக்கத்தில் இன்னொரு பெட்டி. பெறுநர். நடுவே ஒரு நீண்ட அம்பு.

"உணர்ச்சிக்கு நமது துறையில் இடமில்லை என்று நினைக்காதீர்கள். அதற்கு மூன்றாம் வருடத்தில் தனிப் பாடம் இருக்கிறது. இப்போது அறிவியல்ரீதியாகப் பார்ப்போம். செய்தியில் பிழை உண்டா?"

"இல்ல சேர்."

"மொழி?"

"தமிழ்தான்."

"உரிய வழியில் வந்ததா?"

"எல்லா முத்திரையும் இருந்தது."

ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் சரி போட்டார். "பெறுநரிடமிருந்து பின்னூட்டல்? அதாவது, ஒப்பம் இருக்கிறதா?"

"இருக்கு."

"யார் வைத்தது?"

"நான்."

கடைசிச் சரியை அவர் பெரிதாகப் போட்டார். "அப்படியானால் தொடர்பாடல் பூரணம். நீங்கள் எழுதியிருப்பது கோட்பாட்டின்படி தவறு. செய்தி வந்திருக்கிறது. பெறுநர்தான் அவ்வேளை பெட்டிக்குள் இருக்கவில்லை."

கலாநிதி விஜிதரன் முன்னால் சாய்ந்தார். முகத்தில் உண்மையான ஆர்வம். "தம்பி, இது அருமையான கேஸ் ஸ்டடி. நாங்க ஒரு கட்டுரையாப் போடலாம். அடிக்குறிப்பில உங்கட பேரும் வரும்."

"அவட பேர்?"

"அது தேவையில்ல. பெறுநர் எண்டு போட்டாக் காணும்."

"கேட்க ஏதும் உண்டா?" என்றார் பேராசிரியர். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

"வைச்ச ஒப்பத்தத் திருப்பி எடுக்கிறதெப்பிடி சேர்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். இந்த ஒரு கேள்விக்குப் பேராசிரியர் நேர்மையாகப் பதில் சொன்னார்.

"அதற்கு எங்களிடம் கோட்பாடு இல்லை."

யதுர்ஷனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார்கள்.

*

கடிதம் புதன்கிழமை பின்னேரம் வந்தது. யதுர்ஷன் கிணற்றடியில் நின்றான். சீதேவிப்பிள்ளை தபால்காரரிடம் வாங்கி, முகவரியை வாசித்து, அப்படியே நின்றுவிட்டா. கொஞ்சம் பொறுத்துத்தான் கூப்பிட்டா.

"மருமகன், பிள்ளைக்குக் கடிதம் வந்திருக்கு."

அவன் ஈரக்கையோடு வாங்கினான். பிரித்தான்.

"திருமதி கம்சாயினி யதுர்ஷன் அவர்கட்கு. தங்கள் குடும்ப உறுப்பினர் எமது துறைக்குத் தெரிவாகியுள்ளார் என்பதை அறியத் தருவதில் மகிழ்ச்சியடைகிறோம். இந்நற்செய்தியை அவருக்குத் தாங்களே உரிய முறையில் தெரிவிக்கவும். கீழுள்ள துண்டில் ஒப்பமிட்டு வியாழன் பிற்பகல் மூன்றரைக்கு முன் சேர்ப்பிக்கத் தவறின் தெரிவு இரத்தாகும்."

கீழே கோடு. பெறுநர் ஒப்பம்.

சீதேவிப்பிள்ளை கடிதத்தை வாங்கி மெதுவாக வாசித்தா. பிறகு உள்ளே போய்ப் பேனையோடு வந்தா. அதே நீலப் பேனை.

"போடுங்க மருமகன். நீங்க படிக்கிறதெண்டா அவக்கு எவ்வளவு விருப்பம்."

றுமைஸ் தொலைபேசியில் இன்னும் சுருக்கமாகச் சொன்னான். "ஒரு கீறுதானே மச்சான். கீறிட்டு வா. நான் வாப்பாட ஒப்பத்த நாலு தரம் போட்டுப் பாத்துத்தான் போட்டன். அவர விட நான் வடிவாப் போடுறன்."

"முந்தியும் ஒரு கீறுதான் கீறின," என்றான் யதுர்ஷன்.

"சரி, ஒன்ட விருப்பம்," என்றான் றுமைஸ். "நாளைக்கு யன்னலடியில நிக்கிறன்."

யதுர்ஷன் பேனையை எடுத்தான். கோட்டுக்கு மேலே இடம் கொஞ்சந்தான் இருந்தது. சின்ன எழுத்தில் எழுதினான்.

"பெறுநர் இறந்துவிட்டார். குளத்துக் கடிதத்தில் இருப்பதும் அவர் ஒப்பமல்ல. நான் வைத்தது. அவருக்கு எதுவும் வரவில்லை."

அதைப் பார்த்து இன்னொரு தாளிலும் எழுதினான். சீதேவிப்பிள்ளை இரண்டையும் வாசித்தா. பேனையின் மூடியைத் தேடி எடுத்து மூடினா.

மறுநாள் காலையில் இரண்டாவது தாளைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தான். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதப் போட ரிப்போட்டில நிரல் இல்லையே தம்பி."

"தெரியும்."

"எனக்கு இதால கரைச்சல் வரும்."

"அதுவும் தெரியும்."

அவர் தாளை நாலாக மடித்து, அலுவலகப் பைக்குள் அல்ல, சட்டைப் பைக்குள் வைத்தார். அங்கிருந்து அது எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

பஸ் பாலத்தடியில் பிந்தியது. யதுர்ஷன் யன்னலடிக்கு ஓடி வந்தபோது மூன்று இருபத்திரண்டு. றுமைஸ் அங்கே நின்றான். மங்கையற்கரசி துண்டை வாங்கினார். பழக்கத்தில் பேனை முனை முதற் சொல்லில் போய் நின்றது. அடுத்த சொல்லைத் தொடவில்லை.

அவர் முழுவதும் வாசித்தார். பின்னால் திறந்திருந்த கதவை ஒருமுறை பார்த்தார். ஊடாக என்ற சொல்லை அவர் சொல்லுவார் என்று யதுர்ஷன் காத்திருந்தான். அவர் மேசை லாச்சியைத் திறந்து "கிடைத்தது" என்ற முத்திரையை எடுத்து, துண்டின் நடுவில் குத்தினார். திகதி போட்டார். நேரமும் எழுதினார். அதை ஒரு பிரதி எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இத வைச்சிரு தம்பி. நேரத்துக்கு வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியல் போட்டார்கள். யதுர்ஷனின் இலக்கத்துக்கு எதிரே, "பெறுநர் ஒப்பம் இன்மையால் நீக்கப்பட்டது" என்றிருந்தது. றுமைஸ் தெரிவாகியிருந்தான். அவன் பட்டியலைப் பார்த்து யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பலகையின் கண்ணாடியைத் திட்டினான்.

யதுர்ஷன் புவியியலுக்குப் போனான். அங்கே இடம் காலியாக இருந்தது. படிவம் ஒரு பக்கம்தான். முதல் வகுப்பில் விரிவுரையாளர் மாவட்ட வரைபடத்தைச் சுவரில் விரித்து, ஒவ்வொருவரையும் ஊரைக் கேட்டு, அந்த ஊருக்கு வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டார்.

அவன் முறை வந்தது. எழுந்து போய் வரைபடத்தில் விரலை வைத்தான்.

"இதால," என்றான்.